ஏரிக்கு வருஷம் 73 மூட்டை டிஏபி: முதல் பணத்தை எதில் போடுவது?

50 கிலோ டிஏபி உர மூட்டையின் மேல் 18-46-0 என்று அச்சிட்டிருக்கும். நடுவில் உள்ள 46, பாஸ்பரஸ் பென்டாக்சைடின் சதவீதம். தனிப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் மூட்டைக்குப் 10 கிலோ. ஒரு மனிதரின் கழிவுநீரோடு நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. சிறுநீர், மலம், சமையலறைக் கழிவு, துணி துவைத்த தண்ணீர் எல்லாம் சேர்த்து. 2,000 பேர் வசிக்கும் தெருக்களின் சாக்கடை ஓர் ஏரியில் விழுகிறது என்றால் நாளுக்கு 2 கிலோ, வருஷத்துக்கு 730 கிலோ. 73 மூட்டை டிஏபியைப் பிரித்து ஏரியில் கொட்டுவதற்குச் சமம்.

ஏரியைக் காப்பாற்ற நினைக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்களும் ஊராட்சிகளும் ஆகாயத்தாமரை அகற்றுவது, தூர்வாருவது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் நீரூற்று ஏரேட்டர் போடுவது, மிதவைத் தோட்டம் விடுவது, நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுவது என்று பல யோசனைகளை மேசையில் வைத்துக்கொண்டு குழம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் விற்பனையாளர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அழகான முன்-பின் படங்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம்: இது வருஷத்துக்கு எத்தனை மூட்டையை ஏரிக்குள் வராமல் தடுக்கும், அல்லது உள்ளே போனதில் எத்தனை மூட்டையை வெளியே எடுக்கும்?

எடுத்துக்காட்டுக்கு நகரை ஒட்டிய 10 ஏக்கர் ஏரி ஒன்றை வைத்துக்கொள்வோம். பரப்பு 40,000 சதுர மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், கொள்ளளவு 60,000 கன மீட்டர். சுற்றிலும் 2,000 பேர். ஆளுக்கு நாளுக்கு 108 லிட்டர் கழிவுநீர் வீதம் 216 கன மீட்டர் சாக்கடை தினமும் உள்ளே வருகிறது.

ஏன் பாஸ்பரஸ், எவ்வளவு தாங்கும்

பாசிக்கு நைட்ரஜனும் வேண்டும், கரியும் (கார்பன்) வேண்டும். ஆனால் நீலப்பச்சைப் பாசிகளில் பல, காற்றில் இருக்கும் நைட்ரஜனைத் தாமே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க எதனாலும் முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. அந்த வான்வழிப் படம்தான் உலகம் முழுவதும் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்குத் துணை நின்றது.

1 கிராம் பாஸ்பரஸ் உலர் எடையில் 100 கிராமுக்கு மேல் பாசியை வளர்க்கும். அந்தப் பாசி செத்து மட்கும்போது சுமார் 140 கிராம் ஆக்சிஜனை விழுங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் 7.5 மில்லிகிராம்தான். ஆக, ஒரே கிராம் பாஸ்பரஸ் 18,000 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரின் ஆக்சிஜனைக் காலி செய்யும் வலிமை கொண்டது. ஏரியின் மூச்சை நிறுத்துவது சாக்கடையின் நாற்றம் இல்லை, இந்தக் கணக்கு.

தாங்கும் அளவுக்கு ஏரி ஆய்வாளர் வோலன்வைடர் 1968இல் ஒரு வரம்பு சொன்னார்: சராசரி 5 மீட்டர் ஆழமுள்ள ஏரிக்குச் சதுர மீட்டருக்கு வருஷம் 0.07 கிராம் பாதகமில்லை, 0.13 கிராம் ஆபத்து. நம் எடுத்துக்காட்டு ஏரிக்கு அந்த ஆபத்து வரம்பு 5.2 கிலோ. அரை மூட்டை. இது குளிர்நாட்டு ஏரிகளை வைத்துச் சொன்னது; நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை, வடகிழக்குப் பருவமழையில் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து கழுவப்படுபவை. அதனால் பத்து மடங்கு தாராளம் காட்டுவோம்: 5 மூட்டை. வருவது 73. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் அளக்க வேண்டியவை

மேலே சொன்ன 73, ஆள்கணக்கில் வந்த எண். உங்கள் ஏரிக்கு அளந்தே தெரிந்துகொள்ளலாம். சாக்கடை ஏரிக்குள் விழும் வாயில் 90 பாகை முக்கோண வெட்டு வைத்த இரும்புத் தகட்டைக் குறுக்கே பொருத்துங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் 8 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு 2.5 லிட்டர், நம் எடுத்துக்காட்டின் 216 கன மீட்டர் அதுதான். 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் கொஞ்சம் கூடினாலும் ஓட்டம் வேகமாகக் கூடும் என்பதால் அளவுகோலை மில்லிமீட்டர் துல்லியத்தில் படியுங்கள். தகட்டின் மேலேயே அளக்கக் கூடாது; அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். ஒரு முழம் பின்னால் அளக்க வேண்டும்.

காலை 6 முதல் 9 வரை ஓட்டம் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் நூலாக ஓடும். ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து அனுப்பிவிட்டு அதை வைத்து முடிவெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 24 மணி நேரமும் மணிக்கொரு முறை ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் எடுத்து ஒன்றாகக் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். ஆய்வகத்திடம் 'மொத்த பாஸ்பரஸ்' என்று கேளுங்கள். கரைந்த பாஸ்பேட் மட்டும் போதாது. அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எண் எந்த வடிவில் இருக்கிறது என்பது. பாஸ்பேட் என்று போட்டிருந்தால் 3.06ஆல் வகுக்க வேண்டும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்றால் 2.29ஆல். இதைக் கவனிக்காமல் மூன்று மடங்கு பெரிய எண்ணை வைத்துத் திட்டம் போட்டுவிடுவது எளிது.

ஏரிக்குள் கரைந்த ஆக்சிஜனை விடியற்காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அளக்க வேண்டும். பகல் 11 மணிக்கு அளந்தால் சாகக் கிடக்கும் ஏரியும் ஆரோக்கியமாகத் தெரியும், ஏனென்றால் பாசி அப்போது ஆக்சிஜனை உமிழ்ந்துகொண்டிருக்கும். பிற்பகலில் 14 மில்லிகிராம், விடியலில் 1 மில்லிகிராம் என்று ஊஞ்சலாடினால் பாசி மிஞ்சிப்போன ஏரி என்று அர்த்தம்.

ஆகாயத்தாமரையை அள்ளுவது

கண்ணுக்குத் தெரியும் எதிரி என்பதால் பணம் முதலில் இங்கேதான் போகிறது. ஒரு டன் ஆகாயத்தாமரையில் 950 கிலோ தண்ணீர். மீதி 50 கிலோ உலர்பொருளில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம் என்று வைத்தால் 200 கிராம். அடர்ந்து மூடிய ஏரியில் ஹெக்டேருக்கு 250 டன் வரை இருக்கும். நான்கு ஹெக்டேருக்கு 1,000 டன். அத்தனையையும் ஒரு செடி விடாமல் அள்ளினால் வெளியேறுவது 200 கிலோ, 20 மூட்டை. 73 மூட்டையை ஈடுகட்ட வருஷத்தில் நான்கு முறை முழு ஏரியையும் துடைக்க வேண்டும்.

யாரும் முழுசாக அள்ளுவதில்லை. கரையோரக் கோரைக்குள்ளும் கலங்கல் மூலையிலும் 5 சதவீதம் தங்கும். 12 நாளில் இரட்டிக்கும் செடிக்கு 5 சதவீதத்திலிருந்து முழுப் பரப்பை எட்ட இரண்டு மாதம் கூட ஆகாது. விதை வேறு சேற்றுக்குள் 15 வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும்.

அதைவிடக் கவலை தருவது, சாக்கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே செடியை மட்டும் அகற்றினால் நடப்பது. மூடியிருந்த கூரை போனதும் வெயில் உள்ளே இறங்கும். மூன்று நான்கு வாரத்தில் தண்ணீர் பச்சைச் சாயமாகும். பாசி பகலில் கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். (அமில-கார அளவு) 9ஐத் தாண்டும். சாக்கடையின் அம்மோனியா பி.எச். 7இல் இருக்கும்போது அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வாயுவாக இருக்காது. பி.எச். 9இல், 30 டிகிரி வெப்பத்தில், பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு நச்சு வடிவுக்கு மாறிவிடும். அள்ளி முடித்த அடுத்த மாதமே ஜிலேபிக் கெண்டை கூட்டமாகச் செத்து ஒதுங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவும் விடியற்கால ஆக்சிஜன் பஞ்சமும் சேர்ந்ததுதான்.

அள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் மழைக்கு முன், ஆகஸ்ட்-செப்டம்பரில் அள்ளுங்கள். வெள்ளம் வரும்போது மதகும் கலங்கலும் அடைபடாது. அள்ளியதைக் கரையின் உள்சரிவில் குவிக்காதீர்கள். மூன்று நாளில் அதன் சாறு மீண்டும் ஏரிக்கே வடியும். கரைக்கு வெளிப்புறம், தண்ணீர் திரும்ப வராத இடத்தில் உலர்த்தி, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சாணம் சேர்த்து அடுக்கினால் இரண்டு இரண்டரை மாதத்தில் எருவாகும். களைக்கொல்லி அடிப்பதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம்: செத்த செடி அப்படியே மூழ்கி, ஒரு கிராம்கூட வெளியேறாமல், மட்கும்போது ஏரியின் ஆக்சிஜன் முழுவதையும் ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

ஆகாயத்தாமரையைத் தின்னும் நியோசெட்டினா என்ற கூன்வண்டு 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெங்களூரு ஏரிகளில் விடப்பட்டது. அங்கே நல்ல பலன் கண்டது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் 1990களின் இறுதியில் செடியை அடக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. இரண்டு முதல் நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் அதன் பங்கு சுழியம். செடியை ஒடுக்கும், உரத்தை எடுக்காது.

ஏரேட்டர், மிதவைத் தோட்டம், கரைசல்

ஏரேட்டரின் கணக்கு ஆக்சிஜனில் போட வேண்டியது. 2,000 பேரின் கழிவை நுண்ணுயிர்கள் மட்கச்செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் (பி.ஓ.டி.) வகையில் நாளுக்கு 90 கிலோ, அம்மோனியாவை மாற்ற இன்னொரு 55 கிலோ. மொத்தம் 145 கிலோ ஆக்சிஜன். பாசியும் சேறும் கேட்பது தனி. களத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோ ஆக்சிஜன் கரைந்தால் நல்ல இயந்திரம். ஆக நாளுக்கு 120 யூனிட். 5 குதிரைத்திறன் நீரூற்று 8 மணி நேரம் ஓடினால் 30 யூனிட், தேவையில் கால்வாசி. அதையும் மாலை 6 முதல் 9 வரை வண்ண விளக்கோடு ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பாசி பகல் முழுக்க விட்ட ஆக்சிஜன் ஏரியில் நிறைந்திருக்கும். தேவைப்படுவது நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை. ஏற்கெனவே நீரூற்று வாங்கிவிட்டீர்கள் என்றால், நேரமாற்றும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி ஓடும் நேரத்தை இரவுக்கு மாற்றுங்கள். அடுத்த வாரமே மீன்கள் விடியலில் மேலே வந்து வாய் பிளப்பது குறையும்.

மிதவைத் தோட்டம் பார்க்க அழகு, பறவைக்கு இடம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். பிவிசி குழாய்ச் சட்டம், தென்னைநார்ப் பாய், கல்வாழை, வெட்டிவேர். சதுர மீட்டருக்கு வருஷம் 10 கிராம் பாஸ்பரஸ் எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும் 400 சதுர மீட்டர் மிதவைக்கு 4 கிலோ, அரை மூட்டைக்கும் கீழே. அதுவும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தண்டை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான். அறுக்காவிட்டால் சருகு அங்கேயே விழுந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். 73 மூட்டைக்கு மிதவை போட வேண்டும் என்றால் ஏரியின் பரப்பைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் வேண்டும்.

நுண்ணுயிர்க் கரைசலைப் பற்றிச் சுருக்கமாக: சில நுண்ணுயிர்கள் நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும். பாஸ்பரஸ் தனிமம். அதை எந்த நுண்ணுயிரும் அழிக்க முடியாது, வாயுவாக்கவும் முடியாது. நாற்றம் சில நாள் குறையலாம். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கரைசல் ஊற்றிய பிறகு மொத்த பாஸ்பரஸ் எங்கே போகிறது?

மீன் இந்தப் பட்டியலில் எதிர்பாராத இடம் பிடிக்கும். மீனின் எடையில் அரை சதவீதம் வரை பாஸ்பரஸ், எலும்பும் செதிலும் அதன் கிடங்கு. ஒரு டன் மீன் பிடித்து விற்றால் 5 கிலோ வெளியேறும். ஒரு டன் ஆகாயத்தாமரையைப் போல 25 மடங்கு. ஹெக்டேருக்கு 2 டன் வீதம் 8 டன் பிடித்தால் 4 மூட்டை, அதுவும் செலவில்லாமல் வருமானத்தோடு. கிழக்குக் கொல்கத்தா சதுப்புநில மீன்பண்ணைகள் நகரத்தின் சாக்கடையை இப்படித்தான் மீனாக மாற்றுகின்றன. இரண்டு நிபந்தனை: குத்தகைதாரர் வெளியிலிருந்து தீவனமோ சாணமோ போடக் கூடாது, போட்டால் கணக்கு தலைகீழாகும். சேற்றைக் கிளறும் சாதாக்கெண்டையைத் தவிர்க்க வேண்டும். அது அடியில் அடங்கிக் கிடக்கும் பாஸ்பரஸை மேலே கொண்டுவரும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால் மீன் யோசனையையே கைவிடுங்கள்.

தூர்வாருவதும் படிகாரமும்: எப்போது

தூர்வாருவதைக் குறைத்துச் சொல்ல முடியாது. பல வருஷச் சாக்கடை படிந்த ஏரியில் ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸ் இருக்கும். மேலடுக்கு 10 செ.மீ. மட்டும், 4,000 கன மீட்டர், எடுத்தாலே 2,400 கிலோ. 240 மூட்டை. மற்ற எந்த வழியும் இதை நெருங்காது.

ஆனால் சாக்கடையை நிறுத்தாமல் தூர்வாரினால், 240ஐ 73ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றே கால் வருஷத்தில் பழைய கடன் திரும்பிவிடும். ஸ்வீடனின் டிரும்மன் ஏரியில் சரியான வரிசை நடந்தது. 1950களின் இறுதியில் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். பத்து வருஷம் காத்திருந்தும் ஏரி தேறவில்லை, ஏனென்றால் சேறு உள்ளிருந்தே உரம் கக்கிக்கொண்டிருந்தது. 1970, 1971 இரண்டு கோடைகளில் அரை மீட்டர், அரை மீட்டராக மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகு தேறியது. சேறு ஏன் கக்குகிறது என்றால், பாஸ்பரஸை இரும்புத் துரு பிடித்து வைத்திருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு கரையும், பிடி விடும். சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வீதம் 200 நாள் கக்கினால் நம் ஏரிக்கு 80 கிலோ, 8 மூட்டை. சாக்கடை ஓடும்போது இந்த 8 தெரியவே தெரியாது. சாக்கடை நின்ற பிறகு இதுதான் முதல் எதிரி.

வேலையில் கவனிக்க வேண்டியது ஆழம். இரண்டரை அங்குல பிவிசி குழாயைச் சேற்றில் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயைக் கையால் அடைத்து உருவினால் அடுக்குகள் தெரியும்: மேலே கன்னங்கரேலென்று அழுகல் முட்டை வாசனையோடு குழகுழவென்ற சேறு, கீழே சாம்பல் நிறக் களிமண். ஏரி முழுவதும் 20 இடத்தில் இப்படிப் பார்த்து, கறுப்பு முடியும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். களிமண் அடுக்கைப் பொக்லைன் கிழித்துவிட்டால் ஏரி தண்ணீர் நிற்காமல் கசியும். ஒப்பந்தத்தில் கன மீட்டரை மட்டும் எழுதினால், கறுப்புச் சேற்றை விட்டுவிட்டு லாரிக்கு வசதியான கரையோர மண்ணை அள்ளிவிடுவார்கள். அரை மீட்டர் எடுக்க 20,000 கன மீட்டர், 2 யூனிட் (200 கன அடி) டிப்பரில் 3,500 நடைக்கு மேல். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தொடங்கக் கூடாது. வயலுக்குப் போகும் வண்டல் என்றால் காட்மியம், ஈயம், குரோமியம், துத்தநாகம் நான்கையும் பரிசோதித்த பிறகே கொடுங்கள்.

லாரி நடையைத் தவிர்க்க விரும்பினால் படிகாரம். அதிலுள்ள அலுமினியம் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் மொத்தம் 30 கிலோ. ஒரு பங்கு பாஸ்பரஸுக்குப் பத்துப் பங்கு வீதம் அலுமினியம் 300 கிலோ. 8 சதவீத அலுமினியம் கொண்ட படிகாரம் என்றால் 3,750 கிலோ. சேற்றையும் பூட்ட வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கூட்ட வேண்டும். பி.எச். 6க்குக் கீழே போனால் அலுமினியமே மீனைக் கொல்லும். 9ஐத் தாண்டிய பாசி ஏரியில் போட்டால் பிடித்த பாஸ்பரஸை நழுவ விடும். அதனால் விடியற்காலையில், பி.எச். 7 அருகே இருக்கும்போது, முதலில் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துவிட்டுப் போட வேண்டும். சாக்கடை ஓடும் ஏரியில் இந்த வேலையின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? 30 கிலோவை 2 கிலோவால் வகுங்கள். பதினைந்து நாள்.

வாயிலேயே நிறுத்துவது

அமெரிக்காவின் சியாட்டில் நகரம், வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பியது. ஏரிக்குள் எதையும் போடவில்லை, எதையும் தோண்டவில்லை. சில வருஷத்தில் தண்ணீர் தெளிந்தது. ஆழமான ஏரி என்பதால் சேற்றின் கடன் அங்கே பெரிதாக மிரட்டவில்லை.

பாதாளச் சாக்கடைக் குழாய் எட்டும் தூரத்தில் இருந்தால், நம்மூரிலும் முதல் பணம் இதற்குத்தான். கால்வாய் வாயில் 30 முதல் 45 செ.மீ. உயரத் தடுப்பு, பக்கவாட்டில் 20 மி.மீ. இடைவெளிக் கம்பி வலை, அதைத் தாண்டித் தொட்டி, தொட்டியிலிருந்து பம்ப். வறண்ட நாளில் ஓடும் சாக்கடை முழுவதும் தொட்டிக்கு. மழை நாளில் வெள்ளம் தடுப்பின் மேல் வழிந்து ஏரிக்கு. மின்சாரம் ஆறு மணி நேரம் போனாலும் தாங்க வேண்டும் என்றால் தொட்டி 54 கன மீட்டர். மாற்று பம்ப் ஒன்று கட்டாயம். 73 மூட்டையில் 60க்கு மேல் இந்த ஒரு வேலையில் நின்றுவிடும்.

கெட்டுப்போகும் இடம் அக்டோபரின் முதல் கனமழை. எட்டு மாதம் கால்வாயில் படிந்த சகதி மொத்தமும் ஒரே மணி நேரத்தில் தடுப்பைத் தாண்டி ஏரிக்குள் பாயும். மறுநாள் விடியலில் மீன் மிதக்கும். செப்டம்பரில் கால்வாயைச் சுத்தம் செய்வதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதுங்கள்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருப்பிய கழிவுநீர் மறைவதில்லை. தென்சென்னையில் செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் சங்கிலியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் முடிகின்றன. மேலே ஓர் ஏரியைக் காப்பாற்ற அதன் சாக்கடையை அடுத்த கால்வாயில் தள்ளினால் மூட்டைகள் கீழ் ஏரிக்கு முகவரி மாறுகின்றன, அவ்வளவுதான். குழாய் போய்ச் சேரும் இடத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கோடையில் சாக்கடை மட்டுமே தண்ணீராக இருக்கும் ஏரி, திருப்பியதும் ஏப்ரலில் வறண்டு போகலாம் என்பதையும் மக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏரி கோடையில் வறள்வது புதிதல்ல. காய்ந்த சேறு வெடித்து அடுத்த வேலைக்கு வழிவிடும்.

சுத்திகரித்து ஏரிக்கே விடுவது இரண்டாவது வழி. இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அக்டோபர் அறிவிக்கை, கழிவுநீர் நிலையங்களுக்கு பி.எச்., பி.ஓ.டி., மிதக்கும் துகள், மலக்கிருமி ஆகியவற்றுக்கு மட்டும் வரம்பு வைத்தது. பாஸ்பரஸுக்கு இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் இன்னும் கடுமையான வரம்புகளை வைத்து, ஏரி குளங்களில் விடும் நீருக்கு மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும் சொன்னது. பி.ஓ.டி.யை மட்டும் குறைக்கும் சாதாரண நிலையம் பாஸ்பரஸில் கால் பங்கைத்தான் பிடிக்கும்: கண்ணாடி போன்ற தண்ணீர், அதில் 55 மூட்டை. ஒப்பந்தத்தில் 1 மில்லிகிராம் என்று எழுதி வாங்கினால் வருஷத்துக்கு 8 மூட்டையாகச் சுருங்கும். அதற்கு நாளுக்கு 30 முதல் 45 கிலோ படிகாரம் செலவாகும், 10 கிலோவுக்கு மேல் உலர்சகதி சேரும். இந்த இரண்டு செலவும் விலைப்புள்ளியில் இல்லை என்றால், அந்த நிலையம் பாஸ்பரஸை எடுக்கப் போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இயந்திரம் வேண்டாம், இடம் இருக்கிறது என்றால் கற்படுகை. ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் வீதம் 3,000 சதுர மீட்டர், முக்கால் ஏக்கர். 60 செ.மீ. ஆழத்துக்கு 10-20 மி.மீ. ஜல்லி, அதில் கல்வாழை, நாணல், சம்பு. முன்னால் ஒரு நாள் கழிவுநீர் தங்கும் தடுப்புத் தொட்டி இல்லாமல் கட்டினால் ஆறே மாதத்தில் முதல் இரண்டு மீட்டர் ஜல்லி அடைத்து, சாக்கடை மேலே வழியும். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும், கொசு வராது. பி.ஓ.டி.யை இது நன்றாகவே குறைக்கும். பாஸ்பரஸில் மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் ஜல்லி புதிதாக இருக்கும் வரை. கடைசிப் பகுதியில் ஜல்லிக்குப் பதில் இரும்புச்சத்துள்ள செம்பாறைக் கல் போட்டால் கூடுதலாகப் பிடிக்கும். அது நிறைந்ததும் மாற்ற வேண்டும். பெங்களூரின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையம் முதலில், தாவரப் படுகை அடுத்து, ஏரி கடைசி என்ற வரிசையில் தண்ணீர் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தாங்கும்.

குழாயும் இல்லை, வெளியே இடமும் இல்லை என்றால்

பெரும்பாலான ஏரிகளின் நிலை இது. இங்கே நாம் பரிந்துரைப்பது, சாக்கடை நுழையும் மூலையில் ஒரு ஏக்கரை ஏரிக்குள்ளேயே மண்கரை போட்டுப் பிரிப்பது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது 6,000 கன மீட்டர். 216 கன மீட்டர் சாக்கடை அதில் 28 நாள் தங்கும். உள்ளே குறுக்கே இரண்டு தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நேர்கோட்டில் ஓடி மூன்றே நாளில் மறுபக்கம் போய்விடும். வெளியேறும் வாய் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கட்டும், மேலே மிதக்கும் பாசி தாண்டாது. மழைவெள்ளம் இந்த மூலை வழியாகப் பாயாதபடி பக்கவாட்டில் தனி வழி விடுங்கள். ஏரியில் பத்தில் ஒரு பங்கைச் சாக்கடைக்கு விட்டுக்கொடுப்பது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பதிலுக்குச் சேறும் ஆகாயத்தாமரையும் பெருமளவு அந்த ஒரு ஏக்கருக்குள் தங்கும், பத்து ஏக்கர் தூர்வாரும் வேலை ஒரு ஏக்கராகும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அதை மட்டும் வறளவிட்டு அள்ளலாம். 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கொள்ளளவு குறையும் என்ற ஆட்சேபணை வரும். பிரித்த மண்கரைக்கான மண்ணை மீதி ஒன்பது ஏக்கரின் படுகையிலிருந்தே, களிமண்ணைத் தொடாமல் எடுத்தால் அந்த ஆட்சேபணைக்குப் பதில் கிடைத்துவிடும்.

செப்டிக் டேங்க் லாரி வருகிறதா என்று பாருங்கள். ஒரு லாரிக் கசடு, வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு செறிவானது. கரைக்கு வரும் வண்டிப்பாதையில் இரண்டு கருங்கல் தூண் நட்டால், மேலே சொன்ன எல்லாவற்றிலும் குறைந்த செலவில் உரம் குறையும்.

சாக்கடை வாயை அடைத்த முதல் கோடையில் சேறு கக்கும் 8 மூட்டையால் ஏரி மீண்டும் பச்சையாகும். திட்டம் தோற்றது என்று கூட்டத்தில் குரல் எழும் நேரம் அதுதான். அந்தக் கூட்டத்துக்கு மூன்று எண்களோடு போங்கள்: உள்ளே வரும் மொத்த பாஸ்பரஸ், மே மாத விடியல் ஆக்சிஜன், கறுப்பு வெள்ளை பூசிய 20 செ.மீ. தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழம். முதல் எண் விழுந்திருந்தால், தூர்வாருவதற்கான பணத்தை அந்த வருஷம் கேட்கலாம்.